பங்கோரிலிருந்து கிள்ளானுக்கு, ஒரு சாக்குப் பையோடு



மாசி மகத்துக்குப் பங்கோர் போய் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. "படம் எங்கே, ஏன் இன்னும் போடல?" என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். படங்கள் இருக்கின்றன. நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் படம் போடுவதற்கு முன்னால், திரும்பி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டர்கள் எல்லோரும் பேசி முடிவு செய்தோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறோம்.

முதன்முறை படிக்கும் இளைய பிள்ளைகளுக்காக இரண்டு வரி. மாசி மாதத்தில் சூரியன் கும்ப ராசியில் இருக்கும். மகம் நட்சத்திரம் இருப்பது சிம்ம ராசியில். அதனால் சந்திரன் மகத்துக்கு வரும் நாளில் அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். பௌர்ணமியை ஒட்டி மாசி மகம் வருவது இதனால்தான். அன்றைக்குச் சாமி கடலாட எழுந்தருளும். நம் நாட்டில் பினாங்கு தெலுக் பாஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோவிலில் கடலில் தெப்பம் விடுவார்கள். மலாக்கா செங் சன்னாசிமலையில் கூட்டம் அலைமோதும். பங்கோர் தீவில் பத்ரகாளியம்மன் கோவில் திருவிழாவுக்கு நாடு முழுக்க இருந்து ஜனங்கள் ஃபெரி ஏறி வருவார்கள்.

நாங்கள் 11 பேர் போனோம். ஒரு வேன், ஒரு கார். இரண்டையும் லுமுட்டில் நிறுத்திவிட்டு, தோங், ஐஸ் பெட்டி, சிராப் போத்தல், மேசை எல்லாவற்றையும் ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போனோம். காவடியும் பால்குடமும் வரும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவதுதான் நம் கோவிலின் தொண்டு. மோர், பானகம், சிராப் தண்ணீர். வருஷா வருஷம் செய்வதுதான்.

இந்த வருஷம் ஒன்று புதிது. கப்பு. எப்போதும் கடையில் வாங்கும் வெள்ளைக் காகிதக் கப்பு வேண்டாம், நம் கோவில் பெயர் போட்டு அடிப்போம் என்று கூட்டத்தில் பேசினோம். பெயர் மட்டும் போட்டால் எப்படி, அம்மன் முகமும் இருந்தால் அழகாக இருக்கும் என்றோம். சிவப்பு நிறத்தில் அம்மன் திருமுகம், கீழே கோவில் பெயர். 5,000 கப்பு. அச்சாகி வந்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆளாளுக்கு ஒன்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். கூட்டத்தில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை எழுதும்போது அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று தலைவர் அண்ணன் சொன்னார். அதனால் எழுதுகிறோம்.

திருவிழா நல்லபடியாக நடந்தது. வெயில் கொளுத்தியது. கப்பு கப்பாக ஊற்றிக்கொண்டே இருந்தோம். குடித்தவர்கள் "நல்லா இருக்கணும் பிள்ளைங்களா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். சிலர் கப்பைத் திருப்பிப் பார்த்து, "அட, எந்தக் கோவில்?" என்று கேட்டார்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இரவு பந்தலைப் பிரித்து, சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு, உடம்பு வலியில் அப்படியே படுத்துவிட்டோம்.

மறுநாள் காலை ஃபெரிக்குப் போகும்போதுதான் பாட்டி கையில் அந்தச் சாக்குப் பையைப் பார்த்தோம்.

பாட்டியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் நம் கோவில் வாசலில் உட்கார்ந்து மாலை கட்டுபவர். வயது 76. முட்டி வலி. "பங்கோர் வேணாம் பாட்டி, படி ஏறி இறங்கணும்" என்று சொல்லியும் கேட்காமல் வந்தார். அரிசிச் சாக்கு அளவு பை. வாயைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். தூக்க வந்த தம்பியிடமும் கொடுக்கவில்லை.

"என்ன பாட்டி, நெத்திலியா? எத்தனை கிலோ?" என்று சிரித்தோம். பங்கோர் நெத்திலிக்குப் பேர்போன இடம். வருகிறவர்கள் எல்லாம் வாங்காமல் போக மாட்டார்கள். பாட்டி பதில் சொல்லவில்லை.

ஃபெரி பங்கோர் ஜெட்டியிலிருந்து கிளம்பி, சுங்கை பினாங் கெச்சில் ஜெட்டியில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, லுமுட் பக்கம் திரும்பியது. காலை வெயில், நல்ல காற்று. ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள். எங்களோடு வந்த வாத்தியார் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. 1874-ல் பங்கோர் ஒப்பந்தம் இந்தத் தீவுப் பக்கத்தில்தான் கையெழுத்தானது, அதிலிருந்துதான் வெள்ளைக்காரன் பேராக் ஆட்சிக்குள் கால் வைத்தான், இந்தத் தீவும் லுமுட்டும் டிண்டிங்ஸ் என்ற பெயரில் அவர்கள் கையில் இருந்து 1935-ல்தான் பேராக்கிடம் திரும்பியது என்று வகுப்பே எடுத்தார். எதிரே கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன.

அப்போது ஒரு கருடன் வந்தது. வெள்ளைக் கழுத்து, செம்மண் நிறச் சிறகு. ஃபெரிக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியது. திருவிழா முடிந்து போகும்போது கருட தரிசனம் கிடைத்தால் யாருக்குத்தான் மனம் குளிராது? ஃபெரியில் இருந்த நம்மவர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

எல்லோரும் மேலே பார்த்தோம். எங்களில் சின்னவன், பதினாறு வயது தம்பி, அவன் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றான். "அது நம்ம கப்பு."

தண்ணீரில் நுரை கோடு போட்டது மாதிரி ஒதுங்கியிருந்தது. அந்த நுரையோடு இலை, குச்சி, தேங்காய் மட்டை, போத்தல் மூடி. நடுவில் வெள்ளையாகக் கப்புகள். ஒன்று கவிழ்ந்து, ஒன்று நிமிர்ந்து, ஒன்று பாதி நசுங்கி. நிமிர்ந்து மிதந்த கப்பில் சிவப்பு முகம் தெரிந்தது. ஃபெரி அலை அதன் மேல் ஏறி இறங்கியது. பிறகு பின்னால் போய்விட்டது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னும் இரண்டு.

பௌர்ணமி ஏற்றம் மற்ற நாள் ஏற்றம் மாதிரி இல்லை. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறும், வழக்கத்தைவிட உள்ளேயும் இறங்கும். கரையில் மேட்டில் கிடப்பதையும் எட்டி எடுத்துக்கொண்டு போகும். நாங்கள் படுத்துத் தூங்கிய நேரத்தில் கடல் அந்த வேலையைச் செய்திருக்கிறது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். "நாம தோங் வெச்சோமே?" "நாலுதான் வெச்சோம். எல்லாம் மத்தியானமே நிறைஞ்சு போச்சு." "எல்லாப் பந்தலிலும்தான் கப்பு குடுத்தாங்க. நம்ம கப்பு மட்டுமா கடலுக்குப் போச்சு?" "நம்ம கப்புலதான் பேர் இருக்கு."

பாட்டி ஒன்றும் சொல்லாமல் மடியில் இருந்த சாக்குப் பையின் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே நெத்திலி இல்லை. கப்பு. ஒவ்வொன்றையும் தட்டையாக அமுக்கி, ஒன்றுக்குள் ஒன்று சொருகி, கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார். சில கப்பில் மண். சில கப்பில் சிலிப்பர் மிதித்த அச்சு, அம்மன் நெற்றிக்கு நேர் மேலே.

"எப்போ பாட்டி பொறுக்கினீங்க?"

"நீங்க தூங்கும்போது."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி கயிற்றைக் கட்டிவிட்டார்.

லுமுட்டில் இறங்கி வண்டி எடுத்தோம். பாட்டி முன்சீட்டில், சாக்குப் பை மடியில். மேற்குக் கரை நெடுஞ்சாலை திறந்திருக்கும் பகுதியைப் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று ஓட்டுகிற அண்ணன் சொன்னார். "பழைய ரோட்டுலேயே போங்க தம்பி," என்றார் பாட்டி. "ஊத்தான் மெலிந்தாங்ல ஒரு நிமிஷம் நிக்கணும். நான் பொறந்த தோட்டம். அப்புறம் பார்ப்பேனோ மாட்டேனோ."

அதற்கு மேல் யார் மறுத்துப் பேசுவார்கள்? கூட்டரசு 5-ஆம் எண் சாலையில் திரும்பினோம்.

இந்தச் சாலையில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். கடலோரச் சாலை என்றுதான் பெயர், கடல் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கரை மணல் கரை இல்லை. சேறும் அலையாத்திக் காடும். அதற்குப் பின்னால் கடல் உள்ளே வராமல் தடுக்கும் மண்கரை. அதற்குப் பின்னால் தென்னை, செம்பனை, வயல். பிறகுதான் சாலை. கடல் பக்கத்தில் இருப்பது காற்றில் தெரியும், வெயில் காயப்போட்ட மீனின் வாசனையில் தெரியும். பாலங்களில் தெரியும். எத்தனை ஆறு! எல்லாம் வலப்பக்கம் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் பெரிய ஆறு பேராக். தீபகற்ப மலேசியாவில் இரண்டாவது நீளமான ஆறு. தெலுக் இந்தானுக்கு முன்னால் பாலம். தூரத்திலிருந்தே தண்ணீர் அகலமாக, மண் நிறத்தில் தெரிந்தது. தலைவர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "பாலம் தாண்டி ஓரமா நிறுத்துங்க. பாட்டி, பழைய சாமி படத்தை ஓடுற தண்ணியில விடுறதுதானே முறை. இதையும் இங்க விட்டுட்டு, அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடுவோம். வீட்டுக்கு எதுக்குக் கொண்டுபோகணும்?"

வண்டி நின்றது. இறங்கினோம். உண்மையைச் சொல்கிறோம், எங்களில் பாதிப் பேருக்கு அது சரியென்றுதான் பட்டது. வீட்டில் கிழிந்த சாமி படம், உடைந்த சிலை, பழைய காலண்டர் எதுவானாலும் ஆற்றில் விடுவதுதானே நமக்குப் பழக்கம்? குப்பையில் போட மனம் வராது. ஆற்றில் விட்டால் மனம் ஆறிவிடும்.

சின்னவன் கேட்டான்: "அண்ணே, இந்த ஆறு எங்க போகுது?"

வாத்தியார் அண்ணன் பதில் சொன்னார்: "பாகான் டத்தோவுல போய்க் கடல்ல விழுது."

"எந்தக் கடல்?"

யாரும் பதில் சொல்லவில்லை. காலையில் நாங்கள் தாண்டி வந்த அதே கடல். எங்களில் ஒருவர் பெட்டி அட்டை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர்தான் இன்னொன்றும் சொன்னார். காகிதக் கப்பு என்று பேர்தான், உள்பக்கம் மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அது இருப்பதால்தான் தண்ணீர் ஒழுகுவதில்லை. காகிதம் ஊறிப் பிய்ந்து போனாலும் அந்தப் பூச்சு கரையாது.

மறுபடி வண்டியில் ஏறினோம். பாட்டி மடியில் பை அப்படியே இருந்தது.

ஊத்தான் மெலிந்தாங் தாண்டி ஒரு செம்மண் சாலையில் பாட்டி திரும்பச் சொன்னார். இரண்டு தரம் வழி தப்பி, மூன்றாவது தரம் சரியாகப் போனோம். பாட்டி பிறந்தபோது அது தென்னந்தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. லயம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் தெரிந்தது. தண்ணீர்க் குழாய் ஒன்று தனியாக நின்றது. பாட்டி அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்கதான் வரிசையில நிப்போம்," என்றார். அழவில்லை. நாங்கள் எதிர்பார்த்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. முனியாண்டி. பெரிய அரசமரம், அடியில் சிவப்புச் சாயம் பூசிய கல், புதுசாகக் கட்டிய மஞ்சள் துணி. யாரோ இன்னும் வந்து விளக்கு ஏற்றுகிறார்கள். ஆனால் மரத்தைச் சுற்றிப் பார்த்தால் மனம் கனத்துப் போகும். பழைய சாமி படங்கள் குவிந்து கிடந்தன. கண்ணாடி உடைந்த சட்டங்கள். மூக்கு உடைந்த பிள்ளையார். நிறம் வெளுத்த பிளாஸ்டிக் மாலைகள். வேலைக்கும் படிப்புக்கும் டவுனுக்குப் போன குடும்பங்கள் வீடு மாற்றும்போது, குப்பையில் போட மனசில்லாமல், பயபக்தியோடு கொண்டுவந்து வைத்தவை. நாமும் செய்திருப்போம்.

"பாட்டி, இங்கயே வெச்சிடலாமே. அரசமரத்தடிதானே," என்றார் ஓர் அக்கா.

பாட்டிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "ஏன்டி, முனியாண்டி என்ன குப்பைத் தோங்கா காவல் காக்குறாரு?"

பிறகு அங்கேயே, மரத்து வேரில் உட்கார்ந்து, அந்த விடியற்காலை நடந்ததைச் சொன்னார்.

பாட்டிக்கு முட்டி வலியில் தூக்கம் வரவில்லை. நாலரை மணிக்கு எழுந்து வெளியே வந்திருக்கிறார். பந்தல் போட்ட இடத்தில் ஒரு பையன் கூட்டிக்கொண்டிருந்தான். நம் நாட்டுப் பையன் இல்லை. பிழைக்க வந்தவன். சாக்கடை ஓரம் கூட்டித் தள்ளியதை எல்லாம் பெரிய கறுப்புப் பையில் அள்ளிப் போட்டான். ஆனால் நம் கப்பை மட்டும் போடவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, பக்கத்தில் இருந்த சுவர் மேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். பாட்டி போய் நின்றதும் அவன் ஒரு கப்பைக் காட்டிக் கேட்டிருக்கிறான்: "மாச்சிக், இனி கம்பார் துஹான், கான்?" சாமி படம்தானே இது என்று.

ஆமாம் என்று பாட்டி தலையாட்டியிருக்கிறார். இதை என்ன செய்யட்டும், எங்கே வைக்கட்டும் என்று அவன் கையால் ஜாடை காட்டிக் கேட்டிருக்கிறான்.

"எனக்குப் பதில் தெரியலடா," என்றார் பாட்டி. "அவன் சாமி வேற. அவன் அதைத் தோங்குல போட பயப்படுறான். நாம அச்சடிச்சுக் குடிச்சுட்டு மிதிச்சுட்டு வந்து படுத்துட்டோம். அவன் கேக்குறான், நான் என்ன சொல்லட்டும்? அதான் ஒரு சாக்கு வாங்கி நானே போட்டுக்கிட்டேன்."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து விடியும்வரை பொறுக்கியிருக்கிறார்கள். பையனின் பெயரைக்கூடப் பாட்டி கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று இப்போது வருத்தப்படுகிறார்.

சின்னவன் தலை குனிந்து நின்றான். தலைவர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பி வண்டிக்கு நடக்கும்போது எங்களில் ஒருவர் பேச்சை மாற்றக் கேட்டார்: "அந்தக் காலத்துல தோட்டத் திருவிழாவுல தண்ணீர்ப் பந்தல் எப்படி பாட்டி?" பாட்டி முகம் கொஞ்சம் தெளிந்தது. பானையில்தான் மோர். அவரவர் வீட்டிலிருந்து மங்கு கொண்டுவருவார்கள். இல்லாதவர்களுக்குக் கொட்டாங்கச்சி. தென்னந்தோட்டமாச்சே, கொட்டாங்கச்சிக்கா பஞ்சம்? திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே பிள்ளைகள் உட்கார்ந்து அதை வழவழவென்று தேய்த்து வைப்பார்கள். திருவிழா முடிந்ததும் கழுவிக் காயவைத்து அடுப்புக்கு. சாமிக்கு வைத்தது மண், மஞ்சள், மாவு, பூ. ஆற்றில் விட்டால் மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

"கரையுறதைத்தான்டா ஆத்துக்குக் குடுத்தோம்," என்றார்.

பெர்ணம் ஆற்றைத் தாண்டினோம். பேராக் முடிந்து சிலாங்கூர் தொடங்கியது. இந்த முறை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இந்த ஆற்றை மேலே மறித்து, கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றுக்குக் கொண்டுபோய்த்தான் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்கு எல்லாம் தண்ணீர் விடுகிறார்கள் என்று வாத்தியார் அண்ணன் சொன்னார். செகிஞ்சானில் வயல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சையாகக் கிடந்தது. நம் கோவில் அன்னதானத்துக்கு வாங்கும் அரிசி மூட்டையில் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்திருக்கிறோம். அதே ஆற்றுத் தண்ணீரில் விளைந்த சோறு. மற்ற நாளாக இருந்தால் இறங்கிப் படம் எடுத்திருப்போம். அன்றைக்கு எடுக்கவில்லை.

செகிஞ்சான் தாண்டி ஒரு கடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். 11 தே. கடைக்காரர் பழக்கத்தில் "பூங்குஸா?" என்று கேட்டார். நாங்களும் பழக்கத்தில் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தோம். சின்னவன் முந்திக்கொண்டான். "இல்ல, இங்கேயே குடிக்கிறோம். கிளாஸ்ல குடுங்க." உட்கார்ந்து குடித்தோம். பத்து நிமிஷம்தான் கூட ஆனது. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அடுத்த வருஷம் என்ன செய்வது என்று முதல் தடவையாகப் பேசினோம்.

கோலா சிலாங்கூர் ஆற்றைத் தாண்டும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. மின்மினிக்கு இந்த ஆறு பேர்போனது. ஆற்றோரம் நிற்கும் பெரம்பாங் மரங்களில்தான் அவை கூடும். ஜெராம், காப்பார், பிறகு கிள்ளான். கடைசியில் நம் ஊர் ஆறு. பாலத்தில் போகும்போது வாத்தியார் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "பத்துமலையில தைப்பூசத்துக்குக் குளிக்கிறோமே, அந்தப் பத்து ஆறு கோம்பாக்குல சேருது. கோம்பாக் கோலாலம்பூர்ல கிள்ளான் ஆத்துல சேருது. அங்க நாம விடுறது எல்லாம் இந்தப் பாலத்துக்குக் கீழதான் போகுது." இத்தனை வருஷம் இந்தப் பாலத்தில் போய்வருகிறோம். ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

கோவிலுக்கு வந்து சேர எட்டரை மணி. பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சன்னிதிப் பக்கம் கொண்டுபோகவில்லை, எச்சில் கப்பு. வெளியே வைக்கவும் மனம் வரவில்லை, அம்மன் முகம். கடைசியில் பாத்திர அறையில், விளக்குகள் அடுக்கும் அலமாரிக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் எண்ணிப் பார்த்தோம். 5,000 கப்பில் 600 மீந்திருந்தது. 4,400 கொடுத்திருக்கிறோம். பாட்டியும் அந்தப் பையனும் பொறுக்கியது 412. எங்கள் நான்கு தோங்கில் விழுந்தது கொஞ்சம். மற்றதெல்லாம் எங்கே என்று எங்களுக்கு இப்போது தெரியும்.

குருக்கள் ஐயாவிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னோம். திட்டுவார் என்று பயந்தோம். திட்டவில்லை. "அம்பாளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை நம்மிடம்தான். ஒரு தீபம் காட்டி மன்னிப்பு கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சுத்தமாகக் கட்டி முறையான குப்பைக்கு அனுப்புங்கள். ஆற்றில் விடாதீர்கள், எரிக்காதீர்கள். அடுத்த தடவை தூக்கிப் போடுகிற பொருளில் அவளை உட்கார வைக்காதீர்கள்," என்றார். தீபம் காட்டினோம். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம்.

ஆனால் பை இன்னும் போகவில்லை. குருக்கள் சொன்னபிறகும் அதை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பை லாரியில் கொடுக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை. விளக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. "இருக்கட்டும்," என்கிறார் பாட்டி. "அடுத்த மாசி மகம் வரைக்கும் இருக்கட்டும். பார்த்தாத்தான் ஞாபகம் இருக்கும்."

அதனால் முடிவு செய்தது இது.

மீதி 600 கப்பை யாருக்கும் கொடுக்க மாட்டோம். இனி நம் கோவில் சார்பில் கப்பு, பை, தட்டு, துண்டுக் காகிதம் எதிலும் சாமி படம் அச்சடிக்க மாட்டோம். கோவில் பெயரும் வேண்டாம். தண்ணீர் குடித்தவருக்குத் தாகம் தீர்ந்தால் போதும், யார் கொடுத்தது என்று அம்மாவுக்குத் தெரியும்.

சித்திரா பௌர்ணமி தண்ணீர்ப் பந்தலிலிருந்து எவர்சில்வர் டம்ளர்தான். 300 டம்ளர் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இங்கேதான் உங்கள் உதவி. புதுசாக வாங்கித்தர வேண்டாம். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வந்தது, அம்மா வைத்துவிட்டுப் போனது என்று அலமாரி மேலே எத்தனையோ டம்ளர் சும்மா இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும்போது இரண்டு, மூன்று கொண்டுவந்து கொடுங்கள். பேர் பொறித்திருந்தாலும் பரவாயில்லை.

டம்ளரைவிட முக்கியம், கழுவுகிற கைகள். ஊற்றிக் கொடுக்க ஆள் கேட்டால் நிறைய பேர் வருவீர்கள். நாங்களும் அப்படித்தான், முன்னால் நிற்கத்தான் ஆசைப்பட்டோம். இப்போது கேட்பது பின்னால் உட்கார்ந்து கழுவ. மூன்று தோங், சுடுதண்ணீர், மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் ஓர் ஆள். இதுவரை 11 பேர் பேர் கொடுத்திருக்கிறோம். நாங்கள்தான் அந்த 11 பேர். முதல் பேர் சின்னவனுடையது. இன்னும் 20 பேர் வேண்டும்.

பங்கோரிலோ வேறு எங்கோ திருவிழாவுக்குப் போகிறவர்கள், முடிந்தால் வீட்டிலிருந்து ஒரு போத்தலோ மங்கோ கொண்டுபோங்கள். பந்தலில் நீட்டினால் யாரும் ஊற்றமாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். திருவிழா முடிந்த விடியற்காலையில் யாராவது கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், ஒரு நிமிஷம் நின்று அவர் பெயரைக் கேளுங்கள். பாட்டி சொல்லச் சொன்னார்.

படங்களை நாளைக்குப் போடுகிறோம். கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் சிரித்த படமும் அதில் இருக்கும். எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அம்மன் அருளால் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோவிலில் சந்திப்போம். டம்ளரை மறக்காதீர்கள்.

ஓம் சக்தி.